ஒலிநாடாப் பெட்டிகளும் யானும்

உலகிலே மக்கள் பலர் பலதிறப்பட்ட பொருள்களைத் தேடிச் சேர்ப்பதில் வேட்கையுடையராய் இருக்கின்றனர். ஒருவர் அயல்நாட்டுத் தபால் முத்திரைகளைச் சேர்க்கின்றார். ஒருவர் பழங்காசுகளைத் தேடித் திரிகின்றார். மற்றொருவர் கடற்கரையிற் கிடக்குஞ் சிப்பிகளைப் பொறுக்கிப் பேழையில் அடைக்கின்றார். இவர்க்கெல்லாம் உலகத்தார் ஒருவாறு மதிப்பளிக்கின்றனர். எளியேன் சேர்ப்பதோ எவரும் மதியாத பொருள். மக்கள் வழக்கிலே ‘கேசட்’ என வழங்கும் ஒலிநாடாப் பேழைகளை ஓட்டுதற்குரிய ‘டெக்’ என்னும் பழம் பெட்டிகளே என் செல்வம். எங்கள் வீட்டு மாடியறையிலே இன்று 11 பெட்டிகள் உள்ளன. அவற்றுள் பாடுவன ஏழு. பாட இருப்பன மூன்று. இனிப் பாடாதெனக் கைவிடப்பெற்று, ஏனையவற்றிற்குத் தன் உறுப்புக்களை ஈந்துகொண்டிருப்பது ஒன்று. “பேச்சு நின்றுபோன பெட்டிகளுக்கு இந்த வீட்டில் இடமிருக்கிறது, பேசுகிற மனிதர் உட்காரத்தான் இடமில்லை” என்று என் மனைவியார் அடிக்கடி சொல்வதுண்டு. அக்கூற்றை மறுக்க யான் இதுகாறும் துணிந்திலேன்.

நம் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு பழைய மாணவனாகிய என்னைப் பணித்தனர். கற்றறிந்தோர் பலர் இலக்கியத்தையும் வரலாற்றையும் பற்றி எழுதும் இம்மலரிலே, யான் நன்கறிந்ததும், ஒருமுறை பெரும்பிழை செய்து கற்றுக்கொண்டதுமாகிய இதனைப் பற்றியே எழுதுதல் தகும் எனத் துணிந்தேன். இளைஞர் பலர் இப்பெட்டிகளைக் கண்ணாற் கண்டும் இரார். ஆதலின் இவற்றின் வரலாற்றைச் சிறிது கூறிப் பின்னர் என் கதைக்கு வருவேன்.

ஓசையைக் காந்தத்திலே நிறுத்தலாம் என்பதை முதன்முதற் செய்துகாட்டியவர் டென்மார்க்கு நாட்டு வால்டமார் பவுல்சென் என்பார். 1898-ஆம் ஆண்டிலே அவர் எஃகுக் கம்பியிற் குரலைப் பதித்தனர். 1928-ஆம் ஆண்டிலே ஜெர்மானியராகிய பிரிட்ஸ் புளோய்மர் என்பார் கம்பிக்கு மாறாகக் காகித நாடாவில் இரும்புத் துகளைப் பூசி அதனிற் பதிக்கலாமெனக் கண்டனர். அந்நாடா பெரிய சுருள்களிலே சுற்றப்பட்டு வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வழங்கிற்று. அதனை எளிய மக்களின் சட்டைப்பைக்குள் அடங்குமாறு செய்தவர் பிலிப்ஸ் நிறுவனத்துப் பொறியாளர் லூ ஓட்டன்ஸ் என்பவரும் அவர்தங் குழுவினருமேயாவர். 1963-ஆம் ஆண்டிலே பெர்லின் நகரத்துக் கண்காட்சியில் அச்சிறு பேழை வெளிப்பட்டது. அப்பெரியார் 2021-ஆம் ஆண்டு தமது 94-ஆம் பிராயத்திலே காலஞ்சென்றனர்.

அப்பேழையினுள் ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டரே. ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்திலே அது செல்கின்றது. பக்கத்திற்கு 30 நிமிடம் பாடுவதற்கு ஏறக்குறைய 86 மீட்டர் நாடா வேண்டும். இத்துணை ஒடுங்கிய நாடாவை இத்துணை மெதுவாக ஓட்டுவதால், பாட்டின் அடியிலே மழை பெய்வதுபோன்ற ஓர் இரைச்சல் எழும். அவ்விரைச்சலை அடக்க வழி கண்டவர் ரே டால்பி என்னும் அமெரிக்கர். அவர் 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பின் சார்பிலே நம் இந்திய நாட்டில் ஆலோசகராய் இருந்தவர். 1965-ல் லண்டன் நகரிலே தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். இன்றும் பழைய பெட்டிகளின் முகப்பிலே அவர் பெயர் பொறித்த பொத்தானைக் காணுந்தோறும், நம் நாட்டு உப்பையுண்டவர் ஒருவரின் கைவண்ணமன்றோ இஃது என்று எனக்கு ஓர் உவகை தோன்றும்.

நிற்க. இப்பெட்டிகள் நம் புதுச்சேரிக்கு வந்த வகை தனிப்பட்டது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் இவ்வூரின் ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைம்மாறிற்று; 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் அது சட்டப்படி முடிவாயிற்று. அக்காலத்திலே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல. பிரெஞ்சுப் படையிலே பணியாற்றி ஓய்வூதியம் பெற்றுத் திரும்பினோரை நம்மூரார் ‘சொல்தா’ என்பர். அவர்தம் மக்களும் மருகரும் பிரான்சு தேசத்திலே வேலை செய்து, விடுமுறைக்கு வரும்பொழுதெல்லாம் பெட்டிகளைக் கொணர்ந்தனர். இந்தியாவிலே பிற ஊரார் கண்டிராத பெயர்களையுடைய பெட்டிகளை நம்மூர்க் கூடங்களிலே காணலாயிற்று. அங்கும் இங்கும் மின்சாரத்தின் அழுத்தமும் துடிப்பும் ஒருபடித்தாகையால், அமெரிக்காவிலிருந்து வருவனபோல் இவற்றிற்கு இடையிலே ஒரு மின்மாற்றி தேவையில்லை. வானொலியோடு கூடிய பிரெஞ்சுப் பெட்டிகளிலே ‘கிராந்த் ஓந்த்’ என்னும் நெட்டலைப் பகுதி ஒன்று இருக்கும். நம் நாட்டில் அவ்வலையிலே எந்நிலையமும் ஒலிபரப்பாமையால், அதனைத் திருப்பினால் வெறும் இரைச்சலே கேட்கும். சிறுவனாயிருந்தபொழுது அவ்விரைச்சலைப் பாரிசு நகரத்துக் கடலோசை என்று என் சிற்றப்பா எனக்குச் சொல்ல, யானும் அதனை நெடுநாள் நம்பியிருந்தேன். பாரிசிலே கடலில்லை என்பதைப் பூகோள வகுப்பிலேதான் அறிந்தேன்.

அச்சிற்றப்பா 1983-ஆம் ஆண்டிலே என் தந்தையார்க்குக் கொணர்ந்தளித்த ஒரு டெக்தான் என் சேர்க்கைக்கு முதல். எந்தையார் அதனிடத்துப் பெரிதும் பற்றுடையவர். தம் கையாலன்றிப் பிறர் கையால் அதனைத் தொடவிடார். அவர் மறைந்தபின் அது பல்லாண்டு துணி போர்த்தப்பட்டுக் கிடந்தது. ஒருநாள் யான் அதனைத் திறந்து மின்சாரம் ஊட்டினேன். விளக்கு எரிந்தது, சக்கரம் அசையவில்லை. உள்ளே நோக்கியபொழுது, மோட்டாரினின்றும் சக்கரத்திற்குச் செல்லவேண்டிய ரப்பர் பெல்ட் உருகித் தார்போலாகி எங்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனைத் துடைத்தெடுக்க எனக்கு இரண்டு நாள் சென்றன. பழைய பெல்ட்டின் அளவை நூலாற் கணித்துச் சென்னை ரிச்சி தெருவிலே புதியதொன்று வாங்கி மாட்டினேன். எந்தையார் கடைசியாக வைத்துக் கேட்ட கேசட் உள்ளேயே இருந்தது. பொத்தானை அழுத்தியவுடன், அவர் எவ்விடத்தில் நிறுத்தினாரோ அவ்விடத்திலிருந்தே நாகசுரம் எழுந்தது. அன்று தொற்றிய பித்து இன்றுவரை தீர்ந்திலது.

அதுமுதல் ஞாயிறுதோறும் காந்தி வீதிச் சந்தையிலே என்னைக் காணலாம். சட்டைகளும் செருப்புகளும் பழம் புத்தகங்களும் பரப்பியிருக்கும் அவ்வீதியின் ஓரத்திலே, துருப்பிடித்த மின்விசிறிகளோடும் உடைந்த தொலைபேசிகளோடும் சிற்சில வேளை ஒரு டெக் கிடக்கும். விற்போர் அதனை எந்திரமாகக் கருதாமல் இரும்பாகவே கருதுவர். ஒருமுறை 350 ரூபாய்க்கு யான் வாங்கிய பெட்டியொன்று மும்முறை பழுது பார்த்தபின் பாடிற்று. அதற்கு யான் செலவிட்ட மாலைப்பொழுதுகளுக்கு விலையிட்டால் ஒரு புதிய மிதிவண்டி வாங்கியிருக்கலாம் என்பர் என் இல்லத்தார்.

இத்தொழிலின் நுட்பங்களைச் சிறிது கூறுவேன். இவ்வூர்ப் பெட்டிகளுக்குப் பெரும்பகை கடற்காற்றே. உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பிலே களிம்பேற்றும். பொத்தான்களின் தொடுமுனைகள் பச்சை பூக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பினால் கரகரவென்னும். ஆகலின் முதற்கண் செய்யவேண்டுவது துப்புரவு. பஞ்சிலே ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தோய்த்து, நாடா தொட்டுச் செல்லும் ‘ஹெட்’ என்னும் உறுப்பையும், நாடாவை ஒரே சீராய் இழுக்கும் எஃகுத் தண்டையும் துடைத்தல் வேண்டும். அத்தண்டோடு நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையைப் பழுது பார்ப்போர் ‘பிஞ்ச் ரோலர்’ என்பர். அது வழவழப்பாய்ப் போயிருப்பின் பாட்டு அலையும். அடுத்துப் பெல்ட்டுகள், அவற்றின்பின் கண்டென்சர்கள். இவையெல்லாம் முடிந்தபின் ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைத் திருப்புளியால் மயிரிழையளவு திருப்பி, அதன் பிளவு நாடாவின் ஓட்டத்திற்கு நேர்குத்தாய் நிற்குமாறு செய்தல் வேண்டும். அது சற்றே சாய்ந்திருப்பினும் உச்ச ஓசைகளெல்லாம் மங்கிப் போகும். குரல் கம்பளியால் மூடியதுபோல் கேட்கும். திருகாணியைத் திருப்பத் திருப்பக் கம்பளி விலகிக் குரல் வெளிப்படும் அக்கணத்தின் இன்பத்தை அனுபவித்தவரே அறிவர்.

இனி, யான் செய்த பிழையைக் கூறக் கடவேன்.

2019-ஆம் ஆண்டிலே ஒருநாள் மாலை, எங்கள் பின்தெருவில் வாழும் மூதாட்டியார் ஒருவர் என் இல்லம் போந்தார். பிராயம் எண்பதிற்கு மேல். காலஞ்சென்ற சொல்தா ஒருவரின் மனைவி. யாங்கள் அவரை ஆயா என்றே அழைப்போம். முந்தானையில் முடிந்திருந்த ஒரு கேசட்டை அவிழ்த்து என் கையிலே வைத்தார்.

“தம்பி, இதுல எம்புள்ள பேசியிருக்கான். எங்க வூட்டுப் பொட்டி கெட்டுப்போயி இருவது வருசமாச்சு. நீ பழைய பொட்டியெல்லாம் பாட வைக்கிறியாமே? ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டு” என்றார்.

அவர்தம் ஒரே மைந்தர் பாரிசு நகரையடுத்த ஓர் ஊரிலே வேலை செய்திருந்து 1991-ஆம் ஆண்டிலே பிணியால் இறந்தவர் என்பதை யான் அறிவேன். மறுநாள் வருமாறு அவரிடம் கூறியிருக்கலாம். ஆயினும் முந்திய இரவிலேதான் ஒரு பெட்டியைச் செப்பஞ்செய்து முடித்திருந்தேன். அதன் திறத்தைக் காட்டவேண்டுமென்னும் செருக்கு என்னை ஆட்கொண்டது. அவரை நாற்காலியிலே இருத்தி, கேசட்டை உள்ளிட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஓர் இளைஞர் குரல் “அம்மா” என்றது, சிறிது பேசிற்று, பின்னர் நீண்டு குழைந்து ஊளையிட்டு நின்றது. திறந்து பார்த்தேன். நாடாவை வாங்கிச் சுற்றவேண்டிய சக்கரம் சுழலவில்லை. அதன் பெல்ட் நழுவியிருந்தது. உருளையோ விடாது இழுத்துக்கொண்டே இருந்தது. வெளிவந்த நாடா தண்டிலே சுற்றிக்கொண்டு கசங்கிக் கிடந்தது.

என் கைகள் நடுங்கின. ஆயாவின் முகத்தை நோக்க எனக்குத் துணிவில்லை. “மன்னித்துக்கொள்ளுங்கள் ஆயா” என்பதன்றி வேறு சொல் வந்திலது. அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, பிறகு கூறினார்:

“நீ வேணும்னா செஞ்ச? பழசையெல்லாம் நாங்களே அழிச்சவங்கதான் தம்பி. ஒரே கேசட்டுதான் போவும் வரும். அவன் பேசி அனுப்புவான். நான் கேட்டுட்டு அதும் மேலயே பேசி அனுப்புவேன். அவன் மறுபடி அதும் மேலயே பேசுவான். இது ஒண்ணுக்குத்தான் நான் பதில் பேசல. அதுக்குள்ள சேதி வந்துட்டுது.”

அன்பர்காள்! ஒலிநாடாப் பெட்டியிலே பதிக்கும் ஹெட்டுக்கு முன்னர் அழிக்கும் ஹெட் ஒன்றுண்டு. புதிய குரலைப் பதிக்குமுன் பழைய குரலை அது துடைத்துவிடும். இதனை யான் நூறு முறை படித்திருக்கின்றேன். பலருக்கு விளக்கியும் இருக்கின்றேன். அதன் பொருளை அன்றே உணர்ந்தேன். தாயும் மகனும் பேசிய பல்லாண்டுப் பேச்சு ஒன்றன்மேல் ஒன்றாய் அழிந்துபோக, மறுமொழி பெறாமையினாலேயே இக்குரலொன்று பிழைத்திருந்தது. பிழைத்ததனை யான் ஒரு மாலையில் நசுக்கிவிட்டேன்.

அவ்விரவு யான் உறங்கவில்லை. சிறுகத்திரிக்கோலால் எதனையும் வெட்டாமல், சுற்றியிருந்த நாடாவைத் தண்டினின்றும் விரலாற் புரிபுரியாய் அவிழ்த்தேன். அறுந்திலது, அதுவே பெரும்பேறு. கசங்கிய பகுதி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். ஓட்டத்திலே எட்டு நொடிக்குச் சிறிது மேல். அதனைக் கண்ணாடிப் பலகையிலே கிடத்தி, துகள் பூசாத முதுகுப்புறத்தின்மேல் மெல்லிய துணியால் நீவி நீவி நேராக்கினேன். பழைய பேழையின் உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்துஞ் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. ஆதலின் ஐந்து திருகாணிகளையுங் கழற்றி, நாடாவை வேறொரு நல்ல பேழைக்கு மாற்றினேன். முதலிற் செய்திருக்கவேண்டிய செயலையும் அப்பொழுதுதான் செய்தேன். அஃதாவது, பேழையின் முதுகிலுள்ள இரு சிறு தகடுகளையும் ஒடித்தேன். அவை இல்லையெனின் அதன்மேல் எவரும் தவறியும் பதித்தல் இயலாது.

பிறகு பத்து நாள் அந்நாடாவைத் தொடாமல், பெட்டியையே செப்பஞ்செய்தேன். பயனற்ற கேசட்டுகளை நாள்தோறும் ஒரு மணிநேரம் ஓட்டிச் சோதித்தேன். பதினோராம் நாள் கணினியோடு இணைத்து, ஒரே ஓட்டத்திலே நகல் எடுத்துக்கொள்ளும்படி ஒழுங்குசெய்து, பொத்தானை அழுத்தினேன். அப்பேச்சைப் பதித்த பெட்டி எதுவோ, அதன் ஹெட் எவ்வாறு சாய்ந்திருந்ததோ, அவ்வாறே என் பெட்டியின் ஹெட்டையும் செவியாலேயே தேடிச் சாய்த்தேன். குரல் துலங்கிற்று. அவர் முதன்முதற் கண்ட பனிமழையைப் பற்றிப் பேசினார். தந்தையாரின் ஓய்வூதியக் காகிதங்களைப் பற்றிக் கேட்டார். அடுத்த கோடையில் வருவேன் என்றார். நசுங்கிய எட்டு நொடியிலே மட்டும் குரல் ஆழ்ந்தும் எழுந்தும் மறைந்தது. அவ்விடத்து அவர் யாது கூறினார் என்பதை ஏழு முறை கேட்டும் யான் தெளிந்திலேன்.

மறுநாள் ஆயாவை அழைத்துவந்து கேட்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த எட்டு நொடி வந்தது. என் நெஞ்சு துணுக்குற்றது. அவரோ சிறிதும் தயங்காமல், “கெணத்துத் தண்ணி இன்னும் உப்பாத்தான் இருக்குதான்னு கேக்கறான்” என்றார். பின்னர் என்னை நோக்காமல், பெட்டியை நோக்கி, “ஆமாண்டா, உப்புதான்” என்றார்.

கடலை அடுத்த இவ்வூரிலே கிணற்று நீர் உவர்ப்பாதலை அறியாதார் யார்? ஆயினும் அந்த மறுமொழி அன்றுவரை சொல்லப்படாதிருந்தது.

நகலை அவர்தம் பெயர்த்தியின் கைப்பேசியிலே ஏற்றிக்கொடுத்தேன். நாடாவை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்வாரென எதிர்பார்த்தேன். அவர் அவ்வாறு செய்யவில்லை. அதனை மீண்டும் முந்தானையிலே முடிந்துகொண்டு சென்றார். அது முறையே. என் கைக்கு ஒருமுறை நம்பிக் கொடுத்ததனை யான் எவ்வாறு காத்தேன் என்பதை அவர் கண்டிருக்கின்றாரன்றோ?

அன்றுமுதல் யான் சில நியமங்களைக் கைக்கொண்டுள்ளேன். பிறருடைய கேசட் எதனையும் அதன் தகடுகளை நோக்காமல் பெட்டியிலிடேன். பயனற்ற நாடா ஒரு மணிநேரம் பழுதின்றி ஓடாத பெட்டியிலே ஒப்பற்ற நாடாவை வையேன். முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகலாம் எனக் கருதி, அவ்வோட்டத்திலேயே நகல் எடுத்துக்கொள்வேன். எல்லாவற்றினும் மேலாக, உரியவர் எதிரிலே என் திறமையைக் காட்ட முயலேன்.

சேர்ப்போர்க்கும் காப்போர்க்கும் வேற்றுமை உண்டென்பதை அப்பிழையே எனக்கு உணர்த்திற்று. நம் ஊர் எழுத்தைக் காத்த ஊர். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இவ்வூரிலேதான் பிறந்தது. 1846-ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதனைக் கண்டெடுத்துப் படியெடுப்பித்தமையாலன்றோ நாம் இன்று அதனைப் படிக்கின்றோம்? பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் பேணிவரும் சைவ ஓலைச்சுவடிகளை 2005-ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் அமைப்பு உலக நினைவேட்டிலே சேர்த்துக்கொண்டது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஓலைகளைத் தேடி ஊரூராய் அலைந்த வரலாற்றை நாமெல்லாம் பாடத்திலே படித்திருக்கின்றோம். ஓலை செல்லரித்தால் எழுத்துப் போகும். நாடா பூஞ்சை பிடித்தால் குரலே போகும். அதனை எழுதி வைத்தாலும் மீட்க இயலாது. “உப்பாத்தான் இருக்குதா” என்னும் சொற்களை இதோ யான் எழுதிவிட்டேன். அவற்றைச் சொன்ன குரலை எழுத இயலுமோ?

மாணவ நண்பர்காள்! உங்கள் இல்லத்து அலமாரிகளின் மேற்றட்டிலே, பிஸ்கட் தகரத்துள்ளோ பழைய புடைவையின் மடிப்பிலோ, ஒரு கேசட் இருக்கக்கூடும். அதன்மேல் எழுதிய மை மங்கியிருக்கலாம். சினிமாப் பாட்டென்று கருதி எறிந்துவிடாதீர்கள். உங்கள் பாட்டனார் தாலாட்டுக் கேட்டு நகைத்ததோ, அத்தையார் திருமணத்தில் எவரோ வாழ்த்தியதோ, கடல் கடந்து சென்ற ஒருவர் வீட்டு நலம் வினவியதோ அதனுள் இருக்கலாம். முதலில் அத்தகடுகளை ஒடியுங்கள். ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நன்றாய் ஓடும் பெட்டியுடையார் ஒருவரைத் தேடி நகல் எடுங்கள். அங்ஙனம் ஒருவரும் அகப்படாராயின் எளியேனிடம் வாருங்கள். பெட்டிகள் ஏழு பாடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் வந்த அன்றே போட்டுக் காட்டுமாறு கேளாதீர்கள். பத்து நாள் பொறுத்தல் வேண்டும்.